வாக்களிக்கப்பட்ட புதுமை: ‘எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட்’ பற்றிய ஒரு மதிப்பீடு

ஆக்கமொன்று வெளிவந்ததன் பின்னர் அதனை மதிப்பிடுவதே விமர்சனத்தின் வழக்கமான பணியாகும். ஆனால் இணையவழி விளையாட்டுக்களின் துறையில் வெளிவந்த ஆக்கத்தைக் காட்டிலும் வரவிருக்கும் ஆக்கமே பெரிதும் பேசப்படுகின்றது. அதன் ‘புதுமை’ முன்கூட்டியே விளம்பரப்படுத்தப்படுகின்றது. பல வேளைகளில் முன்கூட்டியே விற்கவும்படுகின்றது. எனவே, வரவிருக்கும் விளையாட்டொன்று உண்மையான புதுமையைத் தருகின்றதா என்னும் வினா ஆட்டக்காரரின் ஆவலோடு மட்டும் தொடர்புடையதன்று. புதுமையை எவ்வளவைகொண்டு அளப்பது என்னும் அடிப்படை வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. அறிவிக்கப்பட்டு, எதிர்பார்க்கப்பட்டு, இறுதிவரை வெளிவராது போன ‘எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட்’ என்னும் அமெரிக்க விளையாட்டு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு சான்றாகும்.

பல்லாயிரவர் ஒரே கற்பனையுலகினுட் புகுந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடுவதே இவ்விளையாட்டு வகையின் இயல்பு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ரோய் ட்ரப்ஷோ தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் விருத்திசெய்த, எழுத்துக்களால் மாத்திரம் அமைந்த ‘மட்’ இதன் முன்னோடி. 1997இல் ‘அல்ற்றிமா ஒன்லைன்’, 1999இல் ‘எவர்க்வெஸ்ட்’, 2004இல் ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்’ என அது வளர்ந்தது. இவற்றுள் இறுதியானது 2010இல் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் சந்தாதாரரைக் கொண்டிருந்தது. இப்பெருவெற்றி ஒரு வாய்பாட்டை நிலைநிறுத்திற்று. பணியை ஏற்றல், பகையை அழித்தல், பரிசு பெறல், படிநிலை உயர்தல் என்பதே அவ்வாய்பாடு. அழிக்கப்பட்ட பகைவன் சிறிது நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவான். காப்பாற்றப்பட்ட கிராமம் அடுத்த ஆட்டக்காரருக்காக மறுபடியும் ஆபத்துக்குள்ளாகும். இலட்சக்கணக்கானோர் உழைத்தும் எதுவும் மாறாத, வரலாறற்ற உலகு அது.

எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட் இந்நிலையை உடைப்பதாகவே வாக்களித்தது. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லாஸ் வேகாஸ் நகரில் சோனி ஒன்லைன் என்ரர்ரெயின்மென்ற் நிறுவனம் அதனை அறிமுகப்படுத்திற்று. ஆட்டக்காரர் பல தொழில்வகைகளைக் கலந்து தம் பாத்திரத்தை அமைக்கலாம். வொக்செல் எனப்படும் நுண்கனசதுரங்களால் ஆன நிலத்தைத் தகர்க்கலாம், தோண்டலாம். கணினி இயக்கும் உயிரிகள் தம் விருப்பு வெறுப்புக்கேற்ப இடம்பெயரும். பலர் கூடிச் செய்யும் நீண்ட பணிகளால் நகரங்கள் எழுந்து உலகு நிரந்தரமாக மாறும் என்பன அதன் வாக்குறுதிகள். காவலரை வெறுத்து, தனித்த வீதிகளில் வழிப்பறி செய்ய விரும்பும் ஓர்க் கூட்டத்தை ஓரிடத்தில் விரட்டினால், அது காவலற்ற வேறோரிடம் தேடிச் செல்லும் என்பது அப்போது காட்டப்பெற்ற உதாரணமாகும்.

இவற்றை மதிப்பிடுமிடத்து ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். அச்சியந்திரத்தின் வருகை வேறு, நாவலின் வருகை வேறு. அச்சியந்திரம் பழைய புராணத்தையும் ஆயிரம் பிரதிகளாகப் பெருக்கும். நாவலோ மனிதரை நோக்கும் முறையையே மாற்றியது. தொழினுட்பம் புதுமைக்கு வாய்ப்பளிக்கின்றது, அதுவே புதுமையாகிவிடாது. இணையவழி விளையாட்டின் உள்ளடக்கம் அதில் வரும் கதையன்று. அதனுட் புகும் மனிதர் தம்முள்ளும் தமது உலகோடும் கொள்ளும் உறவே அதன் உள்ளடக்கம். அவ்வுறவை மாற்றாத எதனையும் புதிய அலங்காரம் என்பதே பொருந்தும்.

இவ்வளவைகொண்டு நோக்கின், மேற்கூறிய நான்கு வாக்குறுதிகளும் ஒரே தரத்தனவல்ல. தொழில்வகைகளைக் கலத்தல் பழைய வாய்பாட்டின் விரிவே. தகர்க்கப்படும் நிலமோ காலப்போக்கில் தானாகவே பழைய நிலையை அடையும் என விளக்கப்பட்டது. உலகு முழுவதும் குழிகளாகிவிடாதிருக்க அவ்வேற்பாடு தேவையாயிற்று என்பது உண்மையே. எனினும் வரலாறற்ற உலகு அதன்வழி மீண்டும் உள்நுழைந்துவிடுகின்றது. இடம்பெயரும் உயிரிகள் பற்றிய எண்ணத்திற்கும் முன்வரலாறு உண்டு. புல்லை உண்ணும் விலங்கு, அவ்விலங்கை உண்ணும் ஓநாய் என்றவாறு ஓர் இயற்கைச் சமநிலையை அல்ற்றிமா ஒன்லைன் ஆக்கியோர் திட்டமிட்டிருந்தனர். ஆட்டக்காரர் கண்ட விலங்கையெல்லாம் கொன்று தீர்த்தமையால் அது கைவிடப்பட்டது. எஞ்சுவது உலகின் நிரந்தர மாற்றம் ஒன்றே. அதுவே நான்கினுள்ளும் ஆழமான வாக்குறுதி. ஆனால் எந்நகரம் எழவேண்டும், அது எப்படிநிலைகளினூடாக எழவேண்டும் என்பனவற்றை வகுக்கும் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. ஆட்டக்காரர் கட்டுவோராயினரேயன்றித் தீர்மானிப்போராகவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2003இல் வெளிவந்த ‘எ ரேல் இன் த டெசேர்ட்’. பண்டைய எகிப்தைக் களமாகக்கொண்ட அச்சிறு விளையாட்டில் போரே இல்லை. ஆட்டக்காரர் சட்டமொன்றை எழுதி, கையொப்பம் திரட்டி, வாக்கெடுப்பில் வென்றால், அச்சட்டம் விளையாட்டின் நிரலிலேயே சேர்க்கப்படும். அதன் தோற்றத்தில் வியக்கத்தக்கது அதிகமில்லை. சேர்ந்தோர் தொகையும் சிறிதே. உடைமை அங்கும் நிறுவனத்தினதே. ஆயினும் விதியை ஆக்குவதில் ஆடுவோருக்கும் பங்களித்தமையால், பெரும் நிறுவனங்கள் தொடாத இடத்தை அது தொட்டது என்பது எமது கருத்து.

உறவு பற்றிய இவ்வினா வெறும் கோட்பாட்டு வினாவன்று. முதலாவது எவர்க்வெஸ்ட்டின் நொராத் உலகில் ஆட்டக்காரர் ஈட்டிய பொருட்கள் மெய்யான பணத்துக்கு விற்கப்பட்டதை 2001இல் ஆராய்ந்த பொருளியலாளர் எட்வர்ட் கஸ்ரொனோவா, தலைக்குரிய உற்பத்தியில் அவ்வுலகு ருஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் நிற்பதாகக் கணித்தார். ஆட்டம் என நாம் கருதுவது பெறுமதியை ஆக்கும் உழைப்புமாகும் என்பதை அவ்வாய்வு புலப்படுத்திற்று.

‘லாண்ட்மார்க்’கின் கதை இதனை மேலும் தெளிவாக்குகின்றது. எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட்டை ஆக்கும் கருவிகளையே ஆட்டக்காரர் கையிற் கொடுத்த துணை விளையாட்டு அது. முழுமையடையாத நிலையிலேயே அதற்கான அனுமதி ஏறத்தாழ 20, 60, 100 டொலர் என்னும் மூன்று விலைகளில் விற்கப்பட்டது. 2014 தொடக்கத்தில் ஆட்டக்காரர் உள்நுழைந்தனர். காணி எடுத்து, அதைத் தக்கவைக்க விளையாட்டு நாணயத்திற் பராமரிப்புக் கட்டணம் செலுத்தி, கோட்டைகளையும் கோயில்களையும் எழுப்பினர். வரவிருந்த பெருவிளையாட்டுக்கான கட்டடப் பாணிகளை அமைக்கவும் அவர்கள் அழைக்கப்பட்டனர். 2015 பெப்ரவரியில் சோனி இவ்விளையாட்டுப் பிரிவை விற்றது. அது டேபிரேக் கேம் கம்பனி எனப் பெயர்மாறியது. ஊழியர் பலர் வேலையிழந்தனர். 2016 மார்ச்சில் எவர்க்வெஸ்ட் நெக்ஸ்ட் கைவிடப்பட்டது. பகுதிகளை ஒன்றுசேர்த்தபோது ஆட்டம் சுவைக்கவில்லை என்பதே கூறப்பட்ட காரணம். அவ்வாண்டு யூனில் முறைப்படி வெளியான லாண்ட்மார்க், 2017 பெப்ரவரியில் மூடப்பட்டது. ஆட்டக்காரர் எழுப்பிய உலகு அதனோடு மறைந்தது. அங்கு கல்லையும் மண்ணையும் மாற்ற அவர்களால் முடிந்தது. அவ்வுலகு நிலைப்பதா அழிவதா என்பதில் அவர்களுக்குக் குரலிருக்கவில்லை.

வெளிவராத ஆக்கத்தைக் குறைகூறுவது நியாயமா எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. அதன் ஆக்குநர் தொழில்நேர்மையோடு கடினமான சிக்கல்களை எதிர்கொண்டனர் என்பதை நாம் மறுக்கவில்லை. தோல்வியுற்ற முயற்சியும் ஒரு தேவையைச் சுட்டிநிற்கும். தமது செயலின் சுவடு உலகில் நிலைக்கவேண்டும் என்னும் வேட்கை ஆட்டக்காரரிடம் ஆழமாக இருந்தமையாலேயே அவ்வறிவிப்பு அத்துணை ஆரவாரத்தோடு வரவேற்கப்பட்டது. அவ்வேட்கை மெய்யானது, அதற்கு அளிக்கப்பட்ட விடையே குறையுடையது.

ஆதலின், இனி அறிவிக்கப்படும் ஒவ்வொரு விளையாட்டின் முன்னும் நாம் வைக்கவேண்டிய வினா எளிமையானது. அவ்வுலகில் என்ன செய்யலாம் என்பதை விளம்பரமே சொல்லிவிடும். அவ்வுலகின் விதிகளை யார் ஆக்குகின்றனர், ஆடுவோரின் உழைப்பின் பயன் யாரைச் சேர்கின்றது, அவ்வுலகை மூடும் உரிமை யாரிடமுள்ளது என்பவற்றை விமர்சனமே கேட்டாக வேண்டும். இவற்றுள் ஒன்றிலேனும் பழைய உறவை மாற்றும் விளையாட்டையே புதுமையானது என நாம் ஏற்றல் தகும்.