லடாக்கிலிருந்து வந்த விருந்தாளி

மார்கழி வந்தால் சென்னையில் சங்கீத சீசன். கொஞ்ச வருஷமாக அதோடு இன்னொரு சீசனும் சேர்ந்திருக்கிறது: சஃபாரி சீசன். சபா வாசலில் இடைவேளைப் பேச்சைக் கவனியுங்கள். பாதி பேர் தோடியைப் பற்றிப் பேசினால், மீதி பேர் "தாடோபா போனீங்களாமே, எத்தனை புலி?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். அரையாண்டு லீவுக்குப் பாட்டி வீடு போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள், ஸ்வெட்டர் சகிதம் விடியற்காலை ஐந்தரைக்குத் திறந்த ஜீப்பில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். மாலுக்குப் போவதைவிடக் காட்டுக்குப் போவது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் ஒன்று. கச்சேரிக்கு நாம் விமர்சனம் எழுதுகிறோம். கேன்டீன் ரவா தோசைக்குக்கூட எழுதுகிறோம். தலைக்குப் பல ஆயிரம் கட்டிப் போகிற இந்த வனயாத்திரைக்கு மட்டும் இரண்டே விமர்சனம்: "பார்த்தோம்", "பார்க்கலை". பார்த்தால் பிரமாதம், பார்க்காவிட்டால் பணம் தண்டம். வித்வான் நடுவில் நம்மைப் பார்த்துச் சிரித்தாரா இல்லையா என்பதை வைத்துக் கச்சேரிக்கு மார்க் போடுவது போல இருக்கிறது இது.

இந்த மார்க் போடும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 டிசம்பர் 31. மகாராஷ்டிராவில் உம்ரேட் கர்ஹாண்ட்லா சரணாலயம். ஒரு தாய்ப்புலி தன் ஐந்து குட்டிகளோடு பாதையில் வருகிறது. முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள் வந்து நின்றுகொண்டன. போக வழியில்லை. வீடியோ வெளியாகி ஊரே திட்டியது. ஓட்டுநர்கள் மீதும் வழிகாட்டிகள் மீதும் நடவடிக்கை வந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஜீப்பை அங்கே நிறுத்த வைத்தது யார்? "இன்னும் கொஞ்சம் கிட்டப் போப்பா" என்று பின் சீட்டிலிருந்து வருகிற அந்தக் குரல் நம்முடையது. புலி தெரிந்தால் டிப்ஸ், தெரியாவிட்டால் முகச்சுளிப்பு என்கிற ஏற்பாட்டில் கைடு வேறென்ன செய்வார்? அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கைடு என்பவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேறொரு மலைக்குப் போக வேண்டும். லடாக்கில் ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981ல் அமைந்தது; சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். நம் செங்கல்பட்டு மாவட்டத்தைவிடப் பெரியது. அங்கே பனிச்சிறுத்தை பார்க்க ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும்தான் கூட்டம் போகிறது. மைனஸ் இருபது டிகிரியில் ஏன் போக வேண்டும்? காரணம் உண்டு. மேலே பனி மூடினால் பரல் என்கிற நீல ஆடுகள் புல் தேடிப் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கும். ஆடு இறங்கினால் சிறுத்தையும் இறங்கும். அதோடு இது அவற்றுக்கு இணை தேடும் காலம். கூப்பிட்டுக்கொண்டு அலையும். 2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பவை 718. அதில் 477 லடாக்கில்.

அந்த ஊர் கைடு காலையில் மலையைப் பார்த்து உட்காருவார். டெலஸ்கோப்பைப் பாறை பாறையாக நகர்த்துவார். மண்ணில் பிறாண்டிய தடம், எச்சம், ஆட்டு மந்தை திடீரென்று ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்ப்பது, இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போடுவார். கடைசியில் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாறை மேல் ஒரு வால் தெரியும். அவ்வளவுதான். துரத்த ஜீப்பும் கிடையாது, பாதையும் கிடையாது.

இதைவிட முக்கியமானது கீழே கிராமத்தில் நடந்தது. ஒரு காலத்தில் பனிச்சிறுத்தை என்றால் அங்கே எமன். ராத்திரி பட்டிக்குள் குதித்தால் ஒரே வீட்டின் ஆடு மொத்தமும் போய்விடும். ஊர்க்காரர்கள் பொறிவைத்துக் கொன்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் ரின்சென் வாங்சுக் என்கிற லடாக்கியர் இரண்டு காரியம் தொடங்கிவைத்தார். ஒன்று, பட்டிக்கு மேலே கம்பி வலை. இன்னொன்று, ரும்பாக் மாதிரியான கிராமங்களில் விருந்தினரை வீட்டிலேயே தங்கவைப்பது, அதுவும் முறைவைத்து. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்குப் பக்கத்து வீடு. சிறுத்தை உயிரோடு இருந்தால்தான் அடுத்த குளிருக்கு விருந்தாளி வருவார் என்பது அடுப்படி வரைக்கும் புரிந்தது. வாங்சுக் 2011ல் காலமாகிவிட்டார். அவர் போட்ட பாதை இருக்கிறது. லே நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சமும் குப்பையும் தனிக் கதை. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு டூருக்கு மார்க் போடுவதென்றால் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: நாம் திரும்பிப் போன பிறகு அந்த மிருகத்துக்கும் அந்த ஊருக்கும் என்ன மிச்சம்?

இப்போது நம்மூருக்கு வாருங்கள். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். விமான டிக்கெட் வேண்டாம். தர்கா, மாதா கோயில், மீன் பஜ்ஜி, அலைச்சறுக்கு எல்லாம் தாண்டி முகத்துவாரத்துப் பக்கம், தண்ணீர் வடிந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். சேற்றில் சின்னதாக, மண் நிறத்தில், நாலடி ஓடி, டக்கென்று நின்று, குனிந்து எதையோ கொத்தி, மறுபடி ஓடுகிற பறவைகள் தெரியும். உப்புக்கொத்தி இனம். 60, 70 கிராம் இருக்கும். பெரிய எலுமிச்சம்பழ எடை. அதில் ஒரு வகை கோடையில் எங்கே முட்டையிடுகிறது தெரியுமா? லடாக், திபெத் பீடபூமியில். நாம் பனிச்சிறுத்தை பார்க்க எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டிலிருந்து அது இங்கே வந்திருக்கிறது. கடலோரம் கத்திக்கொண்டு பறக்கும் பழுப்புத் தலைக் கடற்காகமும் அந்தப் பக்கத்து ஆள்தான். கூந்தன்குளத்துக்கும் கரைவெட்டிக்கும் வரும் வரித்தலை வாத்து இமயத்தையே தாண்டி வருகிறது. அவர்கள் ஊரில் குளிர்காலம் என்றால் இவர்களுக்கு நம் ஊர்தான் ஹோம் ஸ்டே.

விருந்தாளியை நாம் நடத்துகிற விதத்தைத்தான் விமர்சனம் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தப் பறவைகளுக்கு சாப்பாட்டு நேரம் நம் மாதிரி கடிகாரத்தில் இல்லை. தண்ணீர் வடிந்தால் இலை போட்டாச்சு, ஏறினால் இலை எடுத்தாச்சு. அந்தச் சில மணி நேரத்தில் புழுவும் குட்டி நண்டும் தின்று கொழுப்பு சேர்த்தால்தான் வசந்தத்தில் திரும்பிப் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேற்றில் பைக் ஓட்டுகிறார்கள். நாயை அவிழ்த்துவிட்டு அது பறவைக் கூட்டத்தை விரட்டுவதை செல்ஃபோனில் எடுக்கிறார்கள். ட்ரோன் விடுகிறார்கள். தேங்காய் சைஸ் லென்ஸ் வைத்திருந்த ஒருவருக்காக, பறக்கிற படம் வேண்டுமென்று, கூட வந்தவர் கூழாங்கல் எறிந்ததை நானே பார்த்திருக்கிறேன். படம் அருமையாக வந்திருக்கும். பந்தியில் உட்கார்ந்தவனை நாலு தடவை எழுப்பிவிட்டால் அவன் வயிறு என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. உம்ரேடில் புலியை மறித்ததற்கு ஊரே கொதித்தது. உப்புக்கொத்தியை எழுப்பினால் யார் கேட்பது?

கோவளம் கடற்கரைக்கு 2021ல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. சுத்தம், பாதுகாப்பு, வசதி எல்லாம் வந்தது. மகிழ்ச்சி. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரியான ஆர்வலர் குழுக்களும் பல வருஷமாக ஜனங்களுக்குப் பறவைகளை அறிமுகம் செய்துவருகின்றன. ஆனால் ரும்பாக்கில் நடந்த அந்த இரண்டாவது காரியம் இங்கே நடக்கவில்லை. உப்புக்கொத்தி வந்தாலும் வராவிட்டாலும் கோவளம் குப்பத்துக்கு ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. எந்த மாதம் எந்தப் பறவை எங்கே இறங்கும், எப்போது தண்ணீர் வடியும் என்பது அந்தக் குப்பத்து மனுஷருக்குக் கைரேகை மாதிரி தெரியும். அந்த அறிவுக்கு நாம் காசு கொடுக்கப் பழகவில்லை.

முடியாத காரியம் இல்லை. இதே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்கிற மீனவர் குப்பத்துப் பையன்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்து, இன்று வெளியூர்க்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அலையை வாழ்க்கையாக மாற்றத் தெரிந்த ஊருக்குப் பறவையை மாற்றத் தெரியாதா? இரண்டு பைனாகுலர், கொஞ்சம் பயிற்சி, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஒரு கயிறு. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் ஒரே மேஜையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

"ஒண்ணும் தெரியலைன்னா ஜனங்க வருவாங்களா சார்?" என்று கேட்கலாம். வருவார்கள். அத்தாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 1988லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை குளிர்கால ராத்திரிகளில் மணலில் நடக்கிறார்கள். வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப்போகிறார்கள். டார்ச் அடிக்காதே, பேசாதே, தள்ளி நில் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. எத்தனையோ ராத்திரி ஓர் ஆமைகூட வராது. கால் வலியோடு வீட்டுக்குப் போகிறவர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. அடுத்த வருஷம் நண்பரையும் அழைத்துவருகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்க்காரர்களை இருட்டில் நடக்கவைத்ததற்கும் அந்தப் பதற்றத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் அபிப்பிராயம். தெரிந்தவர் செத்தால்தானே துக்கம் விசாரிக்கப் போவோம்?

ஆகவே அடுத்த முறை டூர் போகும் முன் ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் நிற்போம்? கைடு உள்ளூர்க்காரரா? எதுவும் தென்படாவிட்டால் அவர் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்? மூன்றாவது கேள்விக்கு ஏஜென்ட் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

அதற்குள் பொங்கல் வரும். 2015லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். காணும் பொங்கலன்று கோவளம் போனால் குழந்தைகளை முகத்துவாரத்துக்கும் அழைத்துப் போங்கள். ஐம்பது தப்படி தள்ளி உட்காரவைத்து, "அதோ, அது லடாக்கிலிருந்து வந்திருக்கு" என்று சொல்லுங்கள். நாயைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.