நூலா, நூலின் நிழற்படமா?

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில், கைப்பேசியில் நூல் படித்துக்கொண்டே வரும் மாணவரை நீங்கள் கண்டிருப்பீர்கள். நூலகம் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், வந்திருப்பது நூலா, அதன் நிழற்படமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். மின்நூலகம் ஒன்றிலிருந்து பழைய தமிழ் நூலின் பி.டி.எப். கோப்பைத் திறந்து, கண்ணெதிரே தெரியும் சொல் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று கணிப்பொறி பல வேளைகளில் கைவிரித்துவிடும். காரணம் என்ன?

ஸ்கேனர் காண்பது எழுத்துகளை அல்ல, புள்ளிகளை. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் படமெடுத்தால், ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தில் சுமார் 87 லட்சம் புள்ளிகள் அமையும். அதே பக்கத்தில் 2,000 எழுத்துக் குறிகள் இருப்பதாகக் கொண்டால், யூனிகோடு முறையில் தட்டச்சு செய்ய ஏறத்தாழ 6,000 பைட்டுகளே போதும். படத்தை எவ்வளவு சுருக்கினாலும், இந்த அளவுக்குக் குறைவது அரிது.

தட்டச்சு செய்த கோப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 1993-இல் அடோபி நிறுவனம் பி.டி.எப். முறையை வெளியிட்டது, எந்தக் கருவியிலும் பக்கம் ஒரே தோற்றத்தில் தெரியவேண்டும் என்பதற்காகத்தான். 'கொ' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி. பக்கத்தில் வரையும்போதோ கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். எந்த வடிவம் எந்த எழுத்துக்கு உரியது என்ற அட்டவணை கோப்பில் இல்லையேல், 'கொடி' என்று தேடினாலும் கிடைக்காது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களைப் பக்கப் படங்களாகக் காத்துத் தருவது பெருந்தொண்டு. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ, தன்னார்வலர்களின் உழைப்பால் நூல்களை எழுத்தாகவே தருகிறது. முன்னதில் சான்று இருக்கிறது, தேடல் கடினம். பின்னதில் தேடல் எளிது, ஆனால் மூலப் பக்கத்தின் தோற்றம் பொதுவாகக் கிடைப்பதில்லை. இரண்டும் ஒரே கோப்பில் இணையவேண்டும் என்பதே என் கருத்து.

இது இயலாத காரியமன்று. பக்கப் படத்தின் பின்னே, கண்ணுக்குத் தெரியாத அடுக்காக எழுத்துகளை வைக்கலாம். படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள்கள் தமிழுக்கும் உள்ளன. ஆயினும், 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட 'ணை', 'லை' போன்ற வடிவங்களில் அவை தடுமாறக்கூடும். ஆகவே மனிதக் கண் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறீர்களா? பார்வையற்ற மாணவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எழுத்து இருந்தால் அவருடைய கணிப்பொறி அதை வாய்விட்டுப் படித்துக் காட்டும். வெறும் படம் என்றால் அது ஊமையாகி நிற்கும். கதவு திறந்திருந்தும் அவர் நூலகத்திற்கு வெளியேதான் நிற்கிறார்.

மாணவ நண்பர்களே, நாளுக்கு ஒரு பக்கம் நீங்கள் சரிபார்த்தாலும், ஓராண்டில் ஒரு முழு நூல் பேசத் தொடங்கிவிடும்!