கோகோத் தோட்டம் காட்டுவதில் மாத்தளையும் பொள்ளாச்சியும்

1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளில் ஒன்றான அம்போய்னாவிலிருந்து எட்டுக் கோகோச் செடிகளைக் கொண்டுவந்து குற்றாலத்தில் நட்டது. இந்தியாவில் கோகோ நடப்பட்டதற்கான முதல் பதிவு அதுதான். சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாக ஒன்றரை மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய இடம். ஆனாலும் கோகோத் தோட்டம் பார்க்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து நண்பர்கள் நாலைந்து பேர் கூடி வண்டி எடுத்தால், அது குமுளிக்குப் போகும் அல்லது பொள்ளாச்சி, ஆனைமலைக்குப் போகும். இலங்கைச் சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் கண்டியோடு மாத்தளையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு நாடுகளும் கோகோவை வெளியாருக்குக் காட்டும் விதம் வேறு வேறு. வரவேற்பதில் இலங்கை கைதேர்ந்தது. காட்டத் தக்க வேலை இந்தியப் பக்கத்தில் கூடுதலாக நடக்கிறது. இரண்டு பக்கமும் பயணியின் பார்வையைக் காயோடு நிறுத்திவிடுவதுதான் என் குறை. கோகோவைச் சாக்லேட்டாக்கும் முதல் வேலை மரத்திலிருந்து காயை வெட்டிய பிறகுதான் தொடங்குகிறது.

இலங்கையில் கோகோ பெருகியது காப்பியின் அழிவால். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களைத் தீர்த்துக்கட்டியபோது, துரைமார் தேயிலை, சிங்கோனாவோடு கோகோவையும் நட்டுப் பார்த்தார்கள். உயரமான மலைச்சரிவுகள் தேயிலைக்குப் போக, மாத்தளை, தும்பறை, குருநாகல் போன்ற தாழ்ந்த, காற்றடங்கிய பகுதிகளில் கோகோ நின்றது. மாத்தளைச் சீமைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பலர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து போனவர்கள். புளிக்கவைத்த கொட்டையைத் தண்ணீரில் அலசிக் காயவைப்பது அன்று இலங்கைக்கும் ஜாவாவுக்கும் உரிய வழக்கம். ஒட்டியிருக்கும் பசை போய்த் தோல் பளிச்சென்று இருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு எடுபடும். எடை கொஞ்சம் குறையும், தோலும் எளிதில் நொறுங்கும். அந்தப் பெருந்தோட்டக் கோகோ இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் பலா, கமுகு, மிளகுக் கொடி நடுவே நாலைந்து மரம், இல்லையென்றால் தென்னையின் நிழலில் ஊடுபயிர் என்பதுதான் இப்போதைய நிலை. மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 சாலையோரத்தில் வரிசையாக இருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில், வழிகாட்டி ஒருவர் கறுவா, ஏலம், சாதிக்காயோடு கோகோ மரத்தையும் காட்டுகிறார். அடிமரத்திலேயே பூத்துக் காய்க்கும் அந்த மரத்தைக் கண்டதும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். பாதை எண்ணெயும் தைலமும் விற்கும் கடையில் முடிகிறது. நாலு மொழியில் இனிமையாகப் பேசி, வந்தவரை நிழலில் உட்காரவைத்து மூலிகைத் தேநீர் கொடுக்கும் அந்தப் பாங்கு நம் பக்கத்தில் அரிது. ஆனால் அங்கே கோகோ ஒரு காட்சிச் செடி. பயிர் என்ற நிலையில் அதை யாரும் விளக்குவதில்லை.

இந்தியப் பக்கத்துக் கதை குற்றாலத்தோடு நின்றுபோய், 1965 முதல் கேட்பரி நிறுவனம் கேரளத்தில் கோகோவைப் பரப்பியபோது மறுபடி தொடங்கியது. அப்போது உருவான கொள்முதல் முறை இன்றுவரை தடம் விட்டிருக்கிறது. விவசாயி காயை உடைத்துச் சதையோடு பச்சைக் கொட்டையாகவே கொடுத்துவிடுவார். புளிக்கவைத்துக் காயவைப்பது வாங்குகிறவர் வேலை. 1980ஐ ஒட்டி விலை சரிந்து வாங்க ஆளில்லாமல் போனபோது, பலர் மரத்தை வெட்டினார்கள். மங்களூரின் கேம்ப்கோ கூட்டுறவுச் சங்கம் கொள்முதலில் இறங்கி, 1986இல் புத்தூரில் சாக்லேட் ஆலையையே தொடங்கியதால்தான் பயிர் தப்பியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராகப் பிடித்துக்கொண்டது. அண்மைக் காலத்தில் அந்த வட்டாரத்திலும் கேரளத்திலும் சில தோட்டக்காரர்கள் பச்சைக் கொட்டையை விற்காமல் தாங்களே புளிக்கவைத்து, சிறு சாக்லேட் தயாரிப்பாளர்களுக்குக் கொடுக்கிறார்கள், அல்லது தோட்டத்திலேயே சாக்லேட் செய்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் கொட்டையைப் புளிக்கவைக்கும் பெட்டியைத் திறந்து காட்டவும் அவர்களில் சிலர் தயங்குவதில்லை. மாத்தளையில் இல்லாத வாய்ப்பு இது.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்? மரத்திலிருந்து பறித்த காயில் இருக்கும் முப்பது, நாற்பது கொட்டைகளில் சாக்லேட் மணம் துளியும் கிடையாது. கடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான். உள்ளே ஊதா நிறம். வெள்ளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி வாழை இலையால் மூடினால், முதலில் ஈஸ்ட் சதையின் சர்க்கரையைத் தின்கிறது. பிறகு காற்றுப் படப் படக் காடி உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஏறுகின்றன. சூடு 45 பாகைக்கு மேல் போகிறது, முளை செத்துவிடுகிறது, கொட்டைக்குள் புரதமும் துவர்ப்பும் உடைந்து, வறுக்கும்போது மணமாகப் போகிறவை அங்கே பிறக்கின்றன. கிரியோல்லோ வகைக்கு இரண்டு மூன்று நாள் போதும். நம் தோப்புகளில் பெருவாரியாக உள்ள ஃபாரஸ்டெரோவுக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இடையில் கிளறிவிடாவிட்டால் ஒரு பகுதி வேகாத சோறுபோல நின்றுவிடும். பிறகு ஈரம் ஏழெட்டு விழுக்காட்டுக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். சரியாகப் புளித்ததா என்பதைக் கொட்டையை நீளவாக்கில் வெட்டி, உள்ளே பழுப்பா ஊதாவா என்று பார்த்தே சொல்லிவிடலாம். ஒரே மரத்துக் காயை நல்ல சாக்லேட்டாகவோ கெட்ட சாக்லேட்டாகவோ ஆக்கும் கைப்பக்குவம் இந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காத பயணி கோகோவைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. ஊர் சுற்ற வருகிறவருக்குக் காடி நெடியும் ஈ மொய்க்கும் பெட்டியும் எதற்கு, சதையைச் சுவைத்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். சதையைச் சுவைப்பது நல்லதுதான். லிச்சிபோல இனிக்கும் அதே சதைதான் புளிப்பின் எரிபொருள் என்று தெரிந்து சுவைத்தால் அந்த இனிப்புக்கே ஒரு பொருள் கூடும். இன்னொரு மறுப்பு கனமானது: கூட்டம் உள்ளே புகுந்தால் வேலை கெடும், சுத்தம் கெடும். உண்மை. அதனால்தான் கட்டணமும் நேரமும் வைத்து, பத்துப் பேருக்கு மேல் விடாமல் காட்ட வேண்டும். வந்தவரை வரவேற்று வழிகாட்டும் பாங்கை நாம் மாத்தளையிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். கடையில் வாங்கவைத்து ஈட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். மூன்றாவது மறுப்பு, விலை லண்டனிலும் நியூயார்க்கிலும் முடிவாகும்போது நாலு பேர் வந்து பார்ப்பதால் விவசாயிக்கு என்ன என்பது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்ததால் 2024இல் டன் விலை 10,000 டாலரைத் தாண்டியபோது, அதில் நம் விவசாயிக்கு எந்தக் கையும் இல்லை. அது இறங்கும்போதும் இருக்காது. ஆனால் நன்றாகப் புளித்த கொட்டைக்குச் சிறு தயாரிப்பாளர் கூடுதலாகக் கொடுக்கும் தொகை அந்தச் சந்தைக்கு வெளியே பேசி முடிப்பது. அதைக் கொடுக்க அவரால் முடிவது, அந்தச் சாக்லேட்டுக்கு அதிக விலை ஏன் என்று தெரிந்து வாங்குகிறவர் இருந்தால்தான். அப்படி வாங்குகிறவரை உருவாக்க ஒரு வாரத்துப் பெட்டியைத் திறந்து காட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சங்கரன்கோவில் கரிசலிலும் செம்மண்ணிலும் கோகோவை நடச் சொல்லவில்லை. மலை மறைவில் மழை குறைந்த அந்த மண் அதற்குரியது அன்று. ஆனால் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் பக்கத்தில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. சாரல் காலத்தில் அருவிக்கு வருகிற கூட்டம் அங்கேயும் எட்டிப் பார்க்கிறது. அங்கே ஒரு வரிசைக் கோகோ மரமும், வாழை இலை விரித்த மூங்கில் கூடைகள் சிலவும், ஒரு காயவைக்கும் தளமும் வைத்தால் போதும்; சில கிலோ கொட்டையைக் கூடையில் புளிக்கவைப்பது வீட்டு அளவிலேயே முடிகிற காரியம். சாரலில் வெயிலை நம்ப முடியாது, ஈரத்தில் காய் கறுத்து அழுகும் நோயும் வரும் என்பதால், மழையிலும் காயவைக்க ஓர் உலர்த்தி வேண்டும். முதல் நாள் கூடை, மூன்றாம் நாள் கூடை, ஆறாம் நாள் கூடை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கொட்டையை வெட்டிக் காட்டத் தெரிந்த ஒருவரை அங்கே வேலைக்கு அமர்த்த வேண்டும்.