கார்பனா, அலுமினிய உறை போட்ட கார்பனா? மான் வேட்டைக்கு எந்த அம்பு

மிச்சிகனில் வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கும். கோடை முடியும்போதே வில் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். புதிய வில்லைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிக்கிறவர்கள், அம்பு என்று வரும்போது தள்ளுபடியில் கிடைப்பதில் ஒரு டஜனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது சரியல்ல. நாண் விடுபட்டதும் வில்லின் வேலை முடிந்தது. மான் சட்டென்று விழுமா, காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து தவிக்குமா என்பதில் அதன்பின் அம்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவில் உரிமம் எடுத்து வெண்வால் மான் வேட்டைக்குப் போகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. அங்கிருந்து படிப்பவர்கள் இதைத் தொழில்நுட்பச் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவை ஈஸ்டன் நிறுவனத்தின் 5 மி.மீ. ஆக்சிஸ், 5 மி.மீ. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் ஆகிய இரண்டு அம்புகள். முதலாவது முழுக் கார்பன். இரண்டாவது கார்பன் குழாயின் மேல் அலுமினிய உறை போட்டது. இரண்டிலும் ஒரே விறைப்பு எண்ணை வாங்கினால் பொருள் ஒன்றுதான் வேறுபடும். ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

உள்ளே இருப்பது

டக் ஈஸ்டன் 1922இல் கலிபோர்னியாவில் மர அம்பு செய்யத் தொடங்கியவர். ஒரு மரத்தண்டைப் போல இன்னொன்று அமைவதில்லை என்ற குறையைத் தீர்க்க அலுமினியத்தை நாடி, 1939இல் முதல் அலுமினிய அம்புகளைச் செய்தார். அலுமினியக் குழாயில் அளவும் எடையும் சீராக வந்தன. ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் அது வளைந்துவிடும். பின்னால் வந்த கார்பன் எடை குறைந்தது, வளைத்தாலும் நிமிர்ந்துவிடும். இரண்டின் நல்ல குணங்களையும் சேர்க்கும் முயற்சியில் பிறந்ததுதான் கலப்பு அம்பு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அறிமுகமான எக்ஸ்10 அம்பில் அலுமினியம் உள்ளே, கார்பன் வெளியே. வேட்டைக்கான ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டில் இது தலைகீழ். கார்பன் உள்ளே, 7075 ரக அலுமினியக் கலவை வெளியே.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஸ்பைன் எனப்படும் விறைப்பு எண். 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடும்போது தண்டு 0.4 அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 400. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். என் காம்பவுண்ட் வில்லின் இழுவிசை 60 பவுண்டு, இழுநீளம் 28 அங்குலம். அதற்கு 400 பொருந்தும். விறைப்பு பொருந்தாத அம்பு, எந்தப் பொருளில் செய்திருந்தாலும், நேராகப் பறக்காது.

எடையும் வேகமும்

400 விறைப்பில் ஆக்சிஸ் அங்குலத்துக்கு 9.0 கிரெயின், ஃபுல் மெட்டல் ஜாக்கெட் 10.2 கிரெயின். ஒரு கிரெயின் என்பது 0.065 கிராம். 28 அங்குலத்துக்கு வெட்டி, 100 கிரெயின் முனை, முனையைத் திருகிப் பொருத்தத் தண்டுக்குள் செருகும் இன்செர்ட், இறகுகள், நாணில் மாட்டும் நாக் எல்லாம் பொருத்தினால் கார்பன் அம்பு ஏறத்தாழ 395 கிரெயின், உறை போட்டது 429 கிரெயின். என் வில்லில் முதலாவது நொடிக்குச் சுமார் 260 அடி வேகத்தில் போகிறது, இரண்டாவது 250 அடி.

வேகம் வேறுபட்டாலும் இயக்க ஆற்றல் இரண்டுக்கும் 59க்கும் 60க்கும் இடைப்பட்ட அடி-பவுண்டுதான். உந்தம் மட்டும் கனமான அம்பில் சுமார் 4 சதவீதம் கூடுதல். ஆழமாக ஊடுருவ இது உதவும். ஆனால் எலும்பு உடையுமா, தப்புமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் அல்ல.

வேகத்தை வைத்துக் கார்பனைத் தேர்ந்தெடுப்பவர்களும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் 20 கெஜத்துக்குச் சரிசெய்துகொண்டு 30 கெஜத்தில் எய்தால், கனமான அம்பு அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகத் தாழும். 40 கெஜத்தில் இது ஒன்றே முக்கால் அங்குலத்தை நெருங்கும். வெண்வால் மானின் நுரையீரல் பகுதி 8 முதல் 10 அங்குலம் அகலம். 30 கெஜத்துக்குள் எய்கிறவருக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டே அல்ல. நாண் ஒலி கேட்டு மான் துள்ளுவதையும் வேகம் தடுக்காது. ஒலியின் வேகம் நொடிக்கு 1,100 அடிக்கு மேல். இரண்டு அம்புகளும் 30 கெஜத்தைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு எடுக்கின்றன.

எடைதான் வேண்டும் என்றால் கார்பனிலேயே வழி இருக்கிறது. 16 கிரெயின் இன்செர்ட்டுக்குப் பதிலாக 50 கிரெயின் பித்தளை இன்செர்ட் போட்டால் 34 கிரெயின் வித்தியாசம் அப்படியே மறைந்துவிடும். முன்பக்கம் கனம் ஏறினால் தண்டு கூடுதலாக வளையும் என்பதால், 340 விறைப்புக்கு மாற வேண்டியிருக்கலாம். இந்தச் சோதனைகளில் இறங்க விரும்பாதவருக்கு அலுமினிய உறை, தண்டு முழுக்கச் சீராக எடையைத் தந்துவிடுகிறது.

பயிற்சித் திடலில்

நுரைப்பொருள் இலக்கிலிருந்து பிடுங்கும்போது உறை போட்ட அம்புதான் கைக்கு இதம். வழவழப்பான உலோகம் எளிதாக வழுக்கி வருகிறது. கார்பன் சூடேறி நுரையில் ஒட்டிக்கொள்ளும். சிலிகான் மசகு தடவினால் பரவாயில்லை. இலக்கில் அம்புகள் நெருக்கமாகக் குவிவதில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டும் துல்லியமான அம்புகளே.

பழுதுபடும் விதம்

உண்மையான வேறுபாடு இங்கேதான். கார்பன் அம்பு ஒன்று நேராக இருக்கும், அல்லது உடைந்திருக்கும். அடிபட்ட பின் நிமிர்ந்துவிட்டால், விரிசல் இல்லாதவரை, அதை நம்பலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு எய்தால் தண்டு நாணிலேயே சிதறி, வில் பிடித்த கையைத் துளைத்துவிடக்கூடும். அலுமினிய உறை அப்படியல்ல. கல்லிலோ மரத்திலோ உரசினால் லேசாக வளைந்து, அந்த வளைவோடே நின்றுவிடும். பயிற்சி முனையில் அது தெரியாது. பிராட்ஹெட் என்னும் பிளேடு முனையைப் பொருத்தியதும் தெரியும். பிளேடுகள் காற்றைப் பிடித்து, சிறு கோணலையும் பெரிய விலகலாக்கிவிடும். உள்ளிருக்கும் கார்பனில் விரிசல் விழுந்தாலும் உறை மறைத்துவிடும்.

ஆகவே இரண்டு வகைக்கும் இரண்டு சோதனைகள் கட்டாயம். தண்டை முகத்துக்கு எதிர்ப்பக்கமாக லேசாக வளைத்து, சுழற்றிச் சுழற்றிக் காது கொடுங்கள். நெறிக்கும் ஒலி கேட்டால் முறித்துக் குப்பையில் போடுங்கள். பிறகு முனை பொருத்திய அம்பை உருட்டி, நுனி தள்ளாடுகிறதா என்று பாருங்கள். தள்ளாடினால் அது வேட்டைக்கு ஆகாது.

முடிவு

முதல் அம்பு வாங்குகிறவருக்கும், கல்லும் மரமும் அடர்ந்த காட்டில் ஓயாமல் பயிற்சி செய்கிறவருக்கும் முழுக் கார்பன். விலையும் பொதுவாகக் குறைவு, அடி தாங்கும் நாளும் அதிகம். மரத்தின் மேல் அமர்ந்து 30 கெஜத்துக்குள் மட்டும் எய்கிறவர், கூடுதல் எடையைச் சிரமமில்லாமல் விரும்புகிறவர், வேட்டை அம்புகளைத் தனியே எடுத்துவைத்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறவர் அலுமினிய உறைக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். என் தேர்வு கார்பன், பித்தளை இன்செர்ட்டோடு.

எதை வாங்கினாலும் விறைப்பு எண் உங்கள் வில்லுக்குப் பொருந்தட்டும், பிளேடு சவரக்கத்தியின் கூர்மையோடு இருக்கட்டும். சோதிக்காத அம்பை மானை நோக்கி எய்யாதீர்கள்.