தலையில் ஊற்றிய நீரும் தெருவின் குரலும்: ஜெயகாந்தனின் கங்காவும் தன்னைக் குறுக்கும் நம்பிக்கையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள குறுக்கும் நம்பிக்கையை இனங்கண்டு மாற்றிக்கொண்டால் அவரது ஆளுமை வளரும் என்பது இன்றைய உளவியலில் வேரூன்றிய கருத்து. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையும் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலும் இக்கருத்துக்கு எவ்வளவு தூரம் இடங்கொடுக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம்பிக்கை பொய் என்று அறிந்த பின்னும் கங்கா அதற்குள்ளேயே வாழ்வது ஏன் என்பதே கட்டுரையின் மைய வினா.

திறவுச்சொற்கள்: ஜெயகாந்தன், கங்கா, குறுக்கும் நம்பிக்கை, தூய்மை, அகலிகை, அறிதல்சார் உளவியல்

முன்னுரை

உளவியல் நோக்கில் புனைகதைகளை அணுகும் தமிழ் ஆய்வுகள் நெடுங்காலம் பிராய்டையே சார்ந்திருந்தன. நனவிலி, ஒடுக்கப்பட்ட விழைவு, கனவு ஆகியவையே அவற்றின் கருவிகள். அறிதல்சார் உளவியலின் கருவிகள் வேறு வகையானவை. 1955இல் ஆல்பர்ட் எல்லிஸ் நியூயார்க்கில் தொடங்கிவைத்த பகுத்தறிவு சார்ந்த சிகிச்சைமுறை, நிகழ்ச்சி, நம்பிக்கை, விளைவு என்னும் மூன்று உறுப்புகளைக் கொண்டது. மனிதரை வருத்துவது நிகழ்ச்சி அன்று, நிகழ்ச்சியைப் பற்றிய நம்பிக்கையே என்பது அதன் அடிப்படை. இதற்கான வித்தைக் கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்டெட்டசிடமிருந்து பெற்றதாக எல்லிஸ் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். மனச்சோர்வுற்றோரை ஆராய்ந்த ஆரன் பெக், 'நான் திறனற்றவன்', 'நான் அன்புக்குத் தகுதியற்றவள்', 'நான் மதிப்பற்றவன்' போன்ற அடிநிலை நம்பிக்கைகளை அடையாளம் கண்டார். அவற்றை ஒரு கருதுகோளைப்போல் சான்றுகளால் சோதித்துப் பார்க்குமாறு நோயாளருக்குக் கற்பித்தார். 2006இல் வெளிவந்த கரோல் டுவெக்கின் நூல், திறமை பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது என்னும் நம்பிக்கை கற்றலை எவ்வாறு முடக்குகிறது என்பதைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது.

இம்மூவரும் முன்வைக்கும் கருத்துகளைக் கட்டுரையாளர் மறுக்கவில்லை. வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் அவற்றின் பயன் வெளிப்படை. ஆனால் இக்கருவிகளைக் கொண்டு ஒரு புனைகதை மாந்தரை அளக்கும்போது, நம்பிக்கை என்பது தனிமனிதரின் மனத்துக்குள் மட்டும் இருக்கும் உடைமை என்ற எடுகோளும் உடன்வந்துவிடுகிறது. 'இப்பாத்திரம் தன் எதிர்மறை எண்ணத்தை விட்டொழித்திருந்தால் வாழ்வில் உயர்ந்திருக்கும்' என்று எழுதிவிட்டு ஆய்வை முடித்துக்கொள்வது எளிது. கங்காவைப் பற்றி அவ்வாறு எழுத நாவல் இடந்தரவில்லை.

ஊற்றிய நீர்

'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி, அறிமுகமில்லாத இளைஞன் ஒருவனின் காரில் ஏறுகிறாள். காரில் நிகழ்ந்ததை வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லி அழுகிறாள். தாய் முதலில் கதறுகிறாள், அடிக்கிறாள். பிறகு மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையடைந்துவிட்டாள் என்று உறுதி கூறுகிறாள். கதையின் தலைப்பு சுட்டும் நெருப்பு, இங்கு நீராக மாறியிருக்கிறது.

எல்லிஸின் மூன்று உறுப்புகளை இக்கதையில் பொருத்திப் பார்த்தால், தாயின் செயல் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பது தெளிவாகும். நிகழ்ச்சி முடிந்துவிட்டது. அதைப் பற்றிய நம்பிக்கை மகளின் மனத்தில் இன்னும் உறையவில்லை. அந்த இடைவெளியில், அதுவும் அன்றிரவே, தாயின் சொல் நுழைந்துவிடுகிறது. மகள் தன்னைப் பற்றிய முடிவைத் தானே எடுப்பதற்கு முன் அவளுக்கு வேறொரு முடிவு வழங்கப்படுகிறது. மகள் இன்னும் மென்றுகொண்டிருக்கும் சூயிங் கம்மைத் துப்பச் சொல்லி, வாயைக் கொப்புளித்து வரப் பணிக்கும் இடம் சிறிய செய்திதான். எனினும் கதையின் முழு வினையும் அதில் அடங்கியிருக்கிறது. அவன் தந்த பொருள் அவளுக்குள் தங்கக்கூடாது.

தாய் கையாளும் முறை, வாதத்தால் நம்பிக்கையை உடைக்கும் முறை அன்று. பெண்ணின் உடல் அழுக்குப்படக் கூடியது என்னும் கருத்தை அவள் கேள்வி கேட்கவே இல்லை. தீட்டும் குளியலும் அன்றாட இலக்கணமாக இருக்கும் பிராமணக் குடும்பத்தில், அவ்விலக்கணத்தின் ஒரு விதியைக் கொண்டே மற்றொரு விதியை வெல்கிறாள். அழுக்கு நீரால் போகும் என்றால் இதுவும் போகும். தூய்மை என்ற கருத்தாக்கத்தையே துறந்திருந்தால் குளியலுக்குத் தேவையே இருந்திருக்காது என்று இன்றைய வாசகர் வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அழுது நிற்கும் மகளுக்கு அந்த வேளையில் புரியக்கூடிய ஒரே மொழி, அவள் பிறந்து வளர்ந்த மொழி. நம்பிக்கையை மாற்றுபவர் அந்த நம்பிக்கையின் சொற்களைக் கொண்டே மாற்ற வேண்டியிருப்பதை இக்கதை காட்டுமளவுக்கு உளவியல் கையேடுகள் காட்டுவதில்லை.

தாயின் கதறலைக் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரிக்கும் இடம் இன்னும் நுட்பமாகப் படிக்கத்தக்கது. மகள் மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதனால்தான் கோபம் என்று தாய் மழுப்பிவிடுகிறாள். இந்தப் பொய் இல்லாவிட்டால் பின்வரும் குளியலுக்குப் பயன் இருந்திருக்காது. மகளின் மனத்துக்குள் நம்பிக்கை புகாதபடி தடுக்கும் தாய், தெருவின் நம்பிக்கையைத் தொடவே இல்லை. அதற்குச் செய்தி எட்டாமல் பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவே. கதையின் வெற்றி, தெருவின் அறியாமையைச் சார்ந்து நிற்கிறது.

கங்கா அறிந்தது

தெரு அறிந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் வினாவிலிருந்து பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தினமணி கதிரில் தொடராக வந்து, 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இங்கு தாய் கனகம் ஊர் கேட்கக் கதறிவிடுகிறாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். மாமா வெங்கட்ராமய்யர் அவளுக்குப் புகலிடம் தந்து படிக்க வைக்கிறார். அதே மாமாவின் கை அவளிடம் வரம்பு மீறவும் செய்கிறது. கங்கா கற்றுத் தேர்ந்து தொலைபேசித் துறையில் அதிகாரியாகிறாள்.

தன்முன்னேற்ற நூல்களின் அளவுகோலால் கங்காவை அளந்தால் அவள் ஒரு வெற்றிக்கதை. கல்வி, பதவி, சம்பளம், ஆங்கிலப் புலமை, தனித்து வாழும் துணிவு ஆகிய எல்லாம் அவளிடம் உண்டு. நம்பிக்கையால் குறுகியது அவளது வாழ்வின் ஓர் அறை மட்டுமே; அதைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் அவள் நன்றாகவே வளர்கிறாள். ஆளுமை வளர்ச்சி என்பதை ஒற்றை அளவாகக் கருதும் ஆய்வு, இந்தப் பூட்டிய அறையைக் கவனிக்காமலே கடந்துவிடும். நாவலின் பெரும்பகுதியைக் கங்காவின் தன்மைக் கூற்றில் அமைத்ததன் பயன் இங்கு தெரிகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதிகாரியைக் காண்பார். உள்ளிருந்து கேட்கும் வாசகர் அந்த அறையின் முன் நிற்பார்.

இனங்காணல் நாவலில் வெளிப்படையாகவே நிகழ்கிறது. ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய ஒரு கதையைக் கங்கா இதழில் படிக்கிறாள். அது 'அக்கினிப் பிரவேசம்' சொல்லும் கதையே. தனக்கு நிகழ்ந்ததுபோல் ஒன்று நிகழ்ந்த பெண்ணுக்கு வேறொரு தாய் வாய்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவள் அச்சில் காண்கிறாள். கனகமும் அக்கதையை அறிகிறாள். தான் அந்தத் தாயைப்போல் நடந்திருக்கலாம் என்ற உணர்வு அவளை வருத்துகிறது. 'கெட்டுப்போனவள்' என்பது இயற்கை விதி அன்று, ஒரு வாய்ச்சொல்லால் வந்தது, வேறொரு வாய்ச்சொல்லால் வராமலே போயிருக்கும் என்பதைத் தாயும் மகளும் அறிந்துவிடுகிறார்கள். பெக் எதிர்பார்க்கும் அறிதல் முழுமையாகவே கிடைத்துவிட்டது. ஆனால் பூட்டு திறக்கவில்லை.

காரணத்தை அறிய, அந்த நம்பிக்கையில் பிணைந்திருக்கும் இரு கூறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நான் கெட்டுப்போனவள்' என்பது ஒரு மதிப்பீடு. 'என்னை எவரும் மணக்கமாட்டார்கள்' என்பது ஓர் எதிர்பார்ப்பு. மதிப்பீடு பொய் என்பதைக் கதையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எதிர்பார்ப்பைப் பெக்கின் முறைப்படி சான்றுகளால் சோதித்தால் அது மெய் என்றே தேறும். கங்காவைச் சூழ்ந்துள்ள ஒவ்வொருவரும் அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனின் ஒதுக்கலும் மாமாவின் துணிச்சலும் அதற்கான சான்றுகள். கெட்டுப்போனவளிடம் வரம்பு மீறலாம் என்ற கணக்கு மாமாவின் கையில் இருக்கிறது. தன் மனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் பெண்ணுக்கு இந்தச் சான்றுகள் மாறிவிடுவதில்லை. பொய்யான மதிப்பீடு மெய்யான எதிர்பார்ப்பின் தோளில் ஏறி நிற்கிறது.

அவள் இனி ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வைப்பாட்டியாக வேண்டுமானால் இருக்கலாம். சாமர்த்தியம் இருந்தால் அந்த மனிதனையே தேடிப் பிடிக்கட்டும் என்ற பொருள்பட மாமா பேசுவது நாவலின் திருப்புமுனை. கங்கா அந்தச் சொல்லை மறுக்கவில்லை, சவாலாக ஏற்கிறாள். பிரபுவைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மனைவியும் மகளும் உள்ள, செல்வத்தில் சோம்பிய, தன்மீதே மதிப்பில்லாத மனிதன் அவன். இருவருக்கும் இடையில் உருவாவது நட்பு மட்டுமே. ஆயினும் அவனுடைய வைப்பாட்டி என்று ஊர் பேசுவதைக் கங்கா மறுக்க விரும்புவதில்லை. தானே அந்தப் பெயரை எடுத்து அணிந்துகொள்கிறாள். பொய் என்று அவள் திட்டவட்டமாக அறிந்த ஒன்று, அவளுக்குக் கவசமாகிறது. மாமாவிடமிருந்தும் மற்ற ஆண்களிடமிருந்தும் அது அவளைக் காக்கிறது.

இந்த இடத்தில் உளவியல் கருவி முற்றிலும் தடுமாறுகிறது. நம்பிக்கையை நம்பாமலே அதற்குள் குடியிருப்பவரை எந்த வகையில் சேர்ப்பது? கங்காவுக்குத் தெளிவு குறைவு என்று சொல்ல முடியாது. அவளுக்கு இருக்கும் தெளிவு நாவலில் வேறு எவருக்கும் இல்லை. தன்னைக் குறுக்கும் பெயருக்கு அப்பால் அவளுக்குத் தெரு வேறு பெயர் எதையும் வைத்திருக்கவில்லை என்பதே சிக்கல். 'மணமாகாத, தன் விருப்பப்படி ஓர் ஆணுடன் நட்புக் கொண்ட பெண்' என்னும் நிலைக்கு அத்தெருவின் மொழியில் சொல் கிடையாது. கிடைக்கும் சொற்களில் தனக்கு ஓரளவேனும் பயன்படுவதை அவள் தேர்கிறாள்.

நாவலின் இறுதிப் பகுதியை இக்கோணத்தில் படித்தால், பலருக்கும் உறுத்தும் அவளது வீழ்ச்சி விளங்கும். அவளுக்குத் திருமணம் நடப்பதே நல்லது என்று கருதிப் பிரபு விலகிக்கொள்கிறான். அவனைப் பொறுத்தவரை அது தியாகம். கங்காவைப் பொறுத்தவரை, அவள் கட்டிக்கொண்ட கவசத்தைப் பறித்துப் பழைய மதிப்பீட்டின் முன் மீண்டும் வெறுங்கையுடன் நிறுத்துவது. அவள் மதுவில் ஆழ்வதை மனவலிமைக் குறைவு என்று எழுதும் வாசிப்பு, விலகியவனின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

அகலிகையின் இடம்

இத்தகைய முடிவு ஜெயகாந்தனுக்கு மட்டும் உரியதன்று. 1943இல் வெளிவந்த 'சாபவிமோசன'த்தில் புதுமைப்பித்தன் இதே சிக்கலை வேறு வரிசையில் அடுக்கியிருந்தார். அகலிகையின் சாபத்தை இராமன் நீக்கிவிடுகிறான். மனம் ஒப்பாத செயல் பாவமாகாது என்ற தெளிவுக்குக் கோதமனும் வந்துவிடுகிறான். குறுக்கும் நம்பிக்கையைக் களைய வேண்டிய இருவர், ஒருவர் தெய்வ நிலையிலும் மற்றவர் கணவன் நிலையிலும், அதைக் களைந்துவிட்டார்கள். அப்படியும் அகலிகை இயல்பாகப் பேச அஞ்சுகிறாள். சாதாரணச் சொல்லுக்கும் வேறு பொருள் கொள்வார்களோ என்று கூசுகிறாள். பிறகு சீதையின் வாயிலிருந்தே தீக்குளிப்பைக் கேட்கிறாள். தன்னை விடுவித்தவனே உலகத்தின் பொருட்டுத் தன் மனைவியைத் தீயில் இறங்கச் செய்தான் என்பதை அறிந்தபின், கோதமனின் அணைப்பிலும் இந்திரனையே காண்கிறாள்; மீண்டும் கல்லாகிறாள்.

அகலிகையின் மறுகல்லாதலை அதிர்ச்சியின் விளைவு என்று மட்டும் கொள்வது போதாது. அவள் ஒரு சான்றைப் பெறுகிறாள். விமோசனம் தனக்கு மட்டும் தரப்பட்ட சலுகை, விதி மாறவில்லை என்பதற்கான சான்று அது. கங்கா ஆர்.கே.வி.யின் கதையில் கண்டதும் ஒருவகையில் இத்தகைய சலுகையே. வேறொரு வீட்டில், வேறொரு தாயால், கதவைச் சாத்திக்கொண்டு வழங்கப்பட்டது. இரு படைப்புகளையும் இணைக்கும் கண்ணி 'அக்கினிப் பிரவேசம்' என்ற தலைப்பிலேயே இருக்கிறது. சீதையின் தீ, பலர் பார்க்க மூட்டப்பட்டது. தாய் ஊற்றிய நீரை எவரும் பார்க்கவில்லை. முதலாவது உலகத்துக்குச் சான்று காட்டுகிறது, உரியவளை எரிக்கிறது. இரண்டாவது உரியவளைக் காக்கிறது, உலகத்துக்கு எதையும் சொல்லாமல் விடுகிறது.

பிரபுவின் வளர்ச்சி

நாவலில் உண்மையாகவே நம்பிக்கை மாறி வளர்பவர் ஒருவர் உண்டு, அவர் பிரபு. தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணத்தோடு அறிமுகமாகும் அவன், கங்காவின் மதிப்பாலும் கண்டிப்பாலும் மெல்லத் தன் செயல்களுக்குப் பொறுப்பேற்கத் தொடங்குகிறான். எல்லிஸும் பெக்கும் விவரிக்கும் மாற்றம் அவனிடம் ஏறக்குறையப் பிசகின்றி நடக்கிறது. கங்காவைக் குறித்து நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டிருக்க, இந்த மாற்றத்தின்மேல் விமர்சனத்தின் கவனம் போதிய அளவு விழவில்லை என்றே தோன்றுகிறது.

அவனுக்கு அது எளிதாக வாய்த்ததற்குக் காரணம் உண்டு. அவனது நம்பிக்கை அவனுடைய சொந்தத் தோல்விகளிலிருந்து அவனே திரட்டிக்கொண்டது. அதை அவன் கைவிடும்போது குறுக்கே நிற்க எவரும் இல்லை. அவனுடைய மனைவியோ, நண்பர்களோ, தெருவோ அந்த எண்ணத்தை அவன் தொடர்ந்து சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்த மழைநாள் மாலையில் காரில் இருந்தவர்கள் இருவர். அன்று நிகழ்ந்ததற்காக ஒருத்தியைக் குறிக்கத் தெருவிடம் சொல் இருந்தது. மற்றவனைக் குறிக்கச் சொல் இல்லை. ஆகவே அவன் மனத்திலும் அதைப் பற்றிய நம்பிக்கை எதுவும் உருவாகவில்லை. தன்னைத் தேடிக்கொண்டு கங்கா வந்து நிற்கும்வரை, அம்மாலை அவனுக்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய நாளாகவே இருக்கவில்லை.