படியும் சுவரும்

கருவி மனிதனுக்கா, மனிதன் கருவிக்கா என்னும் வினா வணிக மென்பொருளிலும் எழுகின்றது. வரிப்பத்தான்சேனையில் நெல் வாங்கும் வியாபாரியை எண்ணுக. அவர் மூடைக் கணக்கெழுதுவார். ஈரத்துக்கென எடை கழிப்பார். அயலார் ஆக்கிய மென்பொருளில் இவற்றுக்கு இடமில்லையாயின், ஒன்று தம் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். அன்றேல் நிரலாளர் ஒருவரைக் காத்திருத்தல் வேண்டும்.

இவ்விடரை நீக்க எழுந்த கருவிகளுள் சோஹோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட ‘கிரியேட்டர்’ குறிப்பிடத்தக்கது. நிரல் அறியாதாரும் கட்டங்களை இழுத்து வைத்துப் படிவம் அமைக்கலாம்; அவற்றுக்குத் தமிழிலேயே பெயரும் இடலாம். இது பாராட்டுக்குரியது.

ஆயினும், விதிகள் சிக்கலாகுந்தோறும் ‘டெலூஜ்’ என்னும் அதன் நிரல்மொழியை நாட நேர்கின்றது. அதன் கட்டளைச் சொற்களோ ஆங்கிலம். முதற்படிகள் தாழ்ந்திருக்க, அடுத்து நிற்பது சுவர். வியாபாரி மீண்டும் பிறர் கையை எதிர்பார்க்கின்றார்.

1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் அளித்த ‘விசிகால்க்’ விரிதாள் வேறு பாடம் புகட்டிற்று. ஓர் எண்ணை மாற்றிய அக்கணமே விளைவு கண்முன் தோன்றும். எனவே எளிய கணக்கர் அஞ்சாது முயன்றனர்.

திருத்தும் உரிமையை வழங்கினால் மட்டும் போதாது. மாற்றத்தின் விளைவை முன்னரே காட்டலும், பிழைத்தால் பழைய நிலைக்கு மீட்டலும் உடன்வரல் வேண்டும். கழிவு விதியில் நேரும் சிறு பிழை உழவனின் கூலியையன்றோ குறைக்கும்! பயில்வோர் மொழியிற் பேசி, படிப்படியாய் உயர்த்தும் கருவியே நற்கருவி.