மாதம் பார்த்து மலையேறுவது

ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறையை ஒட்டி, தாம்பரம், பெருங்களத்தூர், சிறுசேரிப் பக்கத்து ஐ.டி. இளைஞர்கள் இமயமலைக்குக் கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. அழைத்துச் செல்லும் ட்ரெக்கிங் நிறுவனங்கள் தரும் உறுதியும் ஏறத்தாழ ஒன்றுதான்: பருவமழை ஓய்ந்துவிட்டது, குளிர்காலப் பனி இன்னும் தொடங்கவில்லை, ஆகவே அக்டோபர் பாதுகாப்பான மாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. வானம் தெளிந்திருக்கும், மண்சரிவு குறைந்திருக்கும், பெரும்பாலான குழுக்கள் நல்லபடியாகத்தான் திரும்புகின்றன. ஆனால் ஒரு மாதத்தின் சராசரியைக் காட்டி, இன்று நாம் கால் வைக்கப்போகும் சரிவு உறுதியானது என்று நம்பவைப்பது பெரும் பிழை.

2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினம் அருகே கரை கடந்த ஹுட்ஹுட் புயல், இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனியாகக் கொட்டியது. பனிச்சரிவிலும் குளிரிலுமாக 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 அக்டோபர் 1 அன்று திரிசூல் சிகரத்தில் கடற்படையின் மலையேற்றக்குழு பனிச்சரிவில் சிக்கியது. அடுத்த ஆண்டு அக்டோபர் 4, நம் வீடுகளில் ஆயுத பூஜை நடந்துகொண்டிருந்த அன்று, உத்தராகண்டின் திரௌபதி கா டண்டாவில் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு புதையுண்டது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களில் ஒருவர் அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட் ஏறிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். இதற்குப் பிறகும் ‘யாரும் எதிர்பாராத இயற்கைப் பேரிடர்’ என்ற சமாதானமே ஓங்கி ஒலித்தது. ஆனால் அதற்கு முன்பே அதே மாநிலத்தில், கேதார்நாத்துக்கு மேலே செப்டம்பர் 22 அன்றும் அக்டோபர் 1 அன்றும் பனி சரிந்ததை ஊரே பார்த்திருந்தது. எந்தச் சரிவு எந்த நிமிடம் உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது சரி. அந்த வாரம் மலை நிலைகொள்ளாமல் இருந்தது என்பதைச் சொல்ல முடியாதா?

‘பனி குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு’ என்ற கணக்குதான் என் முதன்மையான மறுப்புக்கு உரியது. பனிப்பருவத் தொடக்கத்தில், உயரத்தில் வெயில் படாத வடக்குச் சரிவுகளில் விழும் முதல் பனி மெல்லிய அடுக்காகவே தங்கும். அடியில் தரை ஏறத்தாழ சுழியம் டிகிரியில் இருக்க, மேலே இரவுக் குளிர் அதைவிடப் பல டிகிரி கீழே இறங்குகிறது. இந்த வேறுபாடு அடுக்குக்குள் இருக்கும் நீராவியை மேல்நோக்கி இழுக்க, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும் பருமணிகளாகின்றன. அடுக்கு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கு இந்த மாற்றம் விரைவு. விளம்பரங்கள் பெருமையாகச் சொல்லும் தெளிந்த வானம்தான் இரவில் பனியின் மேற்பரப்பை இப்படிக் குளிரவைக்கிறது. அடுத்து வரும் புயல் இந்த உதிரி அடுக்கின்மேல் கனத்த பலகையாகப் பனியை ஏற்றும். காற்று அதை ஒரு பக்கமாகக் குவிக்கும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவென்றால், அதன்பின் ஒரு மனிதரின் எடையே போதும். தாம்பரத்துக்காரர்களுக்கு இது புரியாததல்ல. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் இங்கே பெய்தது 49 செ.மீ. மழை. நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பி மண்ணும் ஊறிப்போயிருந்ததால்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்படி மூழ்கின. மழையளவை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளம் விளங்கியிருக்காது.

வழிகாட்டிகளின் அனுபவம் போதாதா என்று கேட்பார்கள். போதாது. புதைந்திருக்கும் அடுக்கு மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. குழி வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஆகும் நேரம் அரைமணி. அந்த அரைமணியும், திரும்பிப் போகலாம் என்று முடிவெடுக்கும் உரிமையும், ‘முதல் நாள் இந்த முகாம், நான்காம் நாள் உச்சி’ என்று மாதங்களுக்கு முன்பே விற்கப்பட்ட பயணத்தில் எங்கே இருக்கின்றன? விடுப்பும் திரும்பும் டிக்கெட்டும் நிச்சயமாகிவிட்டவர்களிடம் வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொல்ல, பணம் வாங்கிய நிறுவனம் விடுவதில்லை. உயிருக்கு இதைவிடக் கேடான ஏற்பாடு வேறில்லை.

பனி குறைவாக இருந்தால் சிக்கினாலும் பிழைக்கலாம் என்பது அடுத்த சமாதானம். மெல்லிய பனியின் அடியில் இருப்பவை பாறைகள். இழுத்துச் செல்லப்படுகிறவரை அவையே கொல்லும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்போ ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குப் பின் மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. பக்கத்தில் இருப்பவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். அதற்குப் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியும் துழாவும் நீளக்கோலும் மண்வெட்டியும் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். அக்டோபருக்கு இவை எதற்கு என்று கேட்கும் நிறுவனத்திடம் முன்பணம் கட்டக் கூடாது.